மெக்சிகோவின் பழைய நகரங்கள், 9 நாள் குழுச் சுற்றுலா: அம்மாவோடு போகலாமா?

காவிரிக்கரை | செப்டம்பர் 7, இரவு 9.40

வணக்கம். நான் டல்லாஸில் இருக்கிறேன். நவம்பரில் அம்மா திருச்சியிலிருந்து வருகிறார். வழக்கம்போல நயாகரா, நியூயார்க் என்று பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் போன தடவையே ஆச்சு. ஸ்பெயின்காரன் வெள்ளி எடுத்த ஊர் பக்கத்து நாட்டில்தானே இருக்கு, அங்கே கூட்டிட்டுப் போ" என்றார். முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவர். மெக்சிகோ என்றால் கடற்கரை என்று நினைத்திருந்த நான் அதற்கப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

ஒரு குழுச் சுற்றுலா கண்ணில் பட்டது. 9 நாள், 8 இரவு. மெக்சிகோ சிட்டி 2, கெரேத்தாரோ 1, சான் மிகெல் தெ அயெந்தே 2, குவானாஹுவாதோ 1, மொரேலியா 1, திரும்ப மெக்சிகோ சிட்டி 1. வழியில் தொலோரெஸ் இதால்கோவும் பாட்ஸ்குவாரோவும். சொகுசுப் பேருந்து, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, காலை உணவு உண்டு.

அம்மாவுக்கு 66 வயது. முட்டி வலி உண்டு, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அமெரிக்க விசா இருக்கிறது. குழுவோடு போவது நல்லதா, நாங்களே போவது நல்லதா? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

சக்கரக்கால் | செப்டம்பர் 7, இரவு 11.15

இரண்டு வருடத்துக்கு முன் கிட்டத்தட்ட இதே பாதையில் ஒரு குழுவோடு போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், சொல்லப்போவது எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும்.

உங்கள் பட்டியலை எண்ணிப் பாருங்கள். எட்டு இரவுக்கு ஐந்து தடவை ஹோட்டல் மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போய்விடும். காலை ஏழுக்குப் பெட்டியை அறை வாசலில் வைக்க வேண்டும், எட்டுக்குப் பேருந்து, யாரோ ஒருவர் பாஸ்போர்ட்டை லாக்கரில் விட்டுவிட்டு ஓடுவார். போய்ச் சேர்ந்தால் அறை தயாராக இருக்காது. அதனால் எத்தனை ஊர் என்று கேட்காதீர்கள். எந்த ஊரில் எத்தனை ராத்திரி என்று கேளுங்கள். இந்த ஊர்களெல்லாம் பகலில் பேருந்துகளுக்குச் சொந்தம். ஆறு மணிக்கு மேல்தான் ஊர்க்காரர்கள் வெளியே வருவார்கள்.

வழிகாட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. குவானாஹுவாதோவில் அல்ஹொந்திகா தெ கிரானாதீத்தாஸ் என்று ஒரு பெரிய கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் சிறுத்த மொட்டைச் சுவர். தானியக் கிடங்கு, 1809இல் கட்டி முடித்தது. நான் மட்டும் போயிருந்தால் ஒரு படம் எடுத்துவிட்டு நடையைக் கட்டியிருப்பேன். எங்கள் வழிகாட்டி எங்களைக் கட்டடத்தின் மூலைக்கு அழைத்துப்போய் நிறுத்தி, மேலே பார்க்கச் சொன்னார். மூலைக்கு ஒரு பெயர்: இதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமெனெஸ். 1810இல் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளம்பிய நான்கு தலைவர்கள். மறு வருடம் பிடித்துக் கொன்று, தலைகளை இரும்புக் கூண்டில் போட்டு இந்த நான்கு மூலையிலும் தொங்கவிட்டார்கள். 1821இல் விடுதலை வரும்வரை பத்து வருடம் அப்படியே தொங்கின. கீழே சந்தை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த மூலையில் நின்று கேட்டதுதான் இன்றும் மனதில் நிற்கிறது.

அதே வழிகாட்டி மறுநாள் தொலோரெஸில் பீங்கான் கடை ஒன்றில் எங்களை ஐம்பது நிமிடம் உட்கார வைத்தார். அத்தொத்தொனில்கோ கோயிலுக்கு இருபது நிமிடம். உள்ளே சுவரும் கூரையும் ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் 18ஆம் நூற்றாண்டு ஓவியம், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். நான் பாதிக் கூரையைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை, விசில் ஊதிவிட்டார்கள். கடைக்கு ஐம்பது, கோயிலுக்கு இருபது: கமிஷன் எங்கே இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை: குவானாஹுவாதோவில் ஓர் இரவு மட்டும் தரும் சுற்றுலா எதையும் எடுக்காதீர்கள்.

ஒற்றைமாடு | செப்டம்பர் 8, காலை 6.05

குழு எதற்கு? மெக்சிகோ சிட்டி வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஈடிஎன், பிரிமேரா பிளஸ் என்று பேருந்துகள் ஓடுகின்றன. நம்மூர் ஸ்லீப்பர் பஸ் எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. ஈடிஎன்னில் வரிசைக்கு மூன்றே இருக்கை, கால் நீட்டிப் படுக்கலாம். கெரேத்தாரோ மூன்று மணி நேரம், சான் மிகெல் நான்கு, குவானாஹுவாதோ ஐந்துக்குள். ஊருக்கு ஊர் அரை நாள் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். செலவு பாதிதான் ஆகும். ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாமல் நான் சுற்றிவிட்டு வந்தேன்.

மீனா_ஹூஸ்டன் | செப்டம்பர் 8, காலை 8.30

ஒற்றைமாடு சார், நீங்கள் தனி ஆள். 66 வயது அம்மாவோடு பேருந்து நிலையத்தில் இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்பது வேறு கதை.

நான் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதற்கு ஆள் நிறைய வருவார்கள். நாங்களும் சைவம்தான். மெக்சிகோவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் ஏமாந்துவிடுவீர்கள். "சின் கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். அப்படிச் சொன்னால் கோழி போட்டுத் தருவார்கள், ஏனென்றால் கார்னே என்றால் அவர்கள் மனதில் மாடும் பன்றியும்தான். "நி கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முட்டைக்கு "சின் உவேவோ".

கண்ணுக்குத் தெரியாத இடம் இரண்டு. வேகவைத்து மசித்த பீன்ஸ் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளித்தது. "மான்தேகா" உண்டா என்று கேளுங்கள். சிவப்பு சாதம் கோழி வேகவைத்த தண்ணீரில் வெந்திருக்கும். "கால்தோ தெ போயோ" என்பது அதன் பெயர். சாதம் பார்த்ததும் நம் கை தானாகப் போகும், அங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

நிம்மதியாகச் சாப்பிடக் கிடைப்பவை: மக்காச்சோள ரொட்டியில் பூசணிப் பூவும் சீஸும் வைத்து மடித்துச் சுட்ட கெசதியா. நோபால் என்னும் சப்பாத்திக்கள்ளி மடல், முள் சீவி வதக்கியது, வெண்டைக்காய் மாதிரி கொழகொழப்பு. குவானாஹுவாதோவில் எஞ்சிலாதாஸ் மினேராஸ், அதாவது சுரங்கக்காரர் எஞ்சிலாதா: உள்ளே சீஸ், மேலே உருளைக்கிழங்கும் கேரட்டும். கோழி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். வீட்லகோச்சே என்று கறுப்பாக ஒன்று வரும். நம் ஊரில் சோளத்துக்குக் கரிப்பூட்டை நோய் வந்தால் விவசாயி தலையில் கை வைப்பார். அந்த மாதிரிப் பூஞ்சையை இங்கே மக்காச்சோளத்திலிருந்து எடுத்து விலைக்கு விற்கிறார்கள். காளான் ருசி. என் மாமியார் பெயரைக் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் தடவை வாங்கினார், நான் இன்றுவரை சொல்லவில்லை.

குழுவில் போனால் ராத்திரி விருந்து என்று ஒன்று வைப்பார்கள். சைவர்களுக்கு மூன்று நாளும் ஒரே வறுத்த காய்கறித் தட்டு. ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோங்கள், விமானத்தில் பெட்டிக்குள் வைத்து.

கரிசல்மண் | செப்டம்பர் 8, மதியம் 1.10

ஒரு விஷயம் உறுத்துகிறது. எல்லோரும் காலனிய அழகு, காலனிய அழகு என்கிறோம். வெள்ளைக்காரன் கட்டிய பங்களாவைப் பார்க்க நம் ஊருக்கு ஒருவர் வந்து "என்ன அழகான காலனிய நகரம்" என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தத் தங்கப் பீடம், இளஞ்சிவப்புக் கல் எல்லாம் யார் முதுகில் ஏறி வந்தது? சுற்றுலா விளம்பரத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா?

பழைய_பேப்பர் | செப்டம்பர் 8, இரவு 10.50

கரிசல்மண் கேட்டது நியாயம். அதனால்தான் அந்த ஊருக்குப் போக வேண்டும் என்பேன். காவிரிக்கரையின் அம்மா "வெள்ளி எடுத்த ஊர்" என்று சொன்னாரே, அவர் சரியான நூலைப் பிடித்திருக்கிறார்.

குவானாஹுவாதோவுக்கு மேலே மலையில் வலென்சியானா சுரங்கம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்திலேயே பெரிய வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்று. 1803இல் ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் வந்து பார்த்து எழுதிவைத்தார். தெனாத்தேரோ என்று ஒரு வேலை. தாது மூட்டையை முதுகில் கட்டி, ஆயிரக்கணக்கான படி ஏறி மேலே கொண்டுவருவது. ஆள் ஏறினான். மேலே வந்த தாதைப் பொடித்து, உப்பும் பாதரசமும் கலந்து, கல் பாவிய முற்றத்தில் சேறாகப் பரப்பி வாரக்கணக்கில் கோவேறு கழுதைகளை மிதிக்க விடுவார்கள். பாதரசம் ஸ்பெயினில் அல்மாதேனிலிருந்து கப்பலில் வரும். ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு என்பது பழைய கணக்கு. சுரங்க முதலாளி பக்கத்திலேயே சான் காயெத்தானோ தேவாலயம் கட்டினார், 1788இல் முடிந்தது. உள்ளே தங்கம் பூசிய மூன்று பீடம். பீடத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே எதிர்ப்பக்கம் நடந்து சுரங்க வாயிலில் எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே மணி நேரத்தில்.

அந்த வெள்ளி எங்கே போனது தெரியுமா? பெரும்பகுதி ஸ்பெயினுக்கு, ஒரு பங்கு அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு. 1565 முதல் 1815 வரை அந்தக் கப்பல் ஓடியது. மணிலாவுக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து பருத்தித் துணி போனது, விலையாக மெக்சிகோ வெள்ளி வந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டிய ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். கடலூர், விழுப்புரம் பக்கம் வேர்க்கடலையை மணிலா, மல்லாட்டை என்கிறார்களே, அதுவும் அந்தக் கப்பல் வழியின் மிச்சப் பெயர்தான்.

நேரம் இருந்தால் புவெப்லாவையும் சேருங்கள், தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரம். இந்தியாவில் பிறந்து, போர்த்துகீசியர் கையில் அடிமையாகச் சிக்கி, கொச்சி, மணிலா வழியாக 1620 வாக்கில் அங்கே விற்கப்பட்ட ஒரு பெண் அந்த ஊரில் வாழ்ந்தாள். கத்தரீனா தெ சான் ஹுவான். 1688இல் இறந்தபோது ஊரே அவளைப் புனிதையாகக் கும்பிட்டது. இயேசு சபைத் தேவாலயத்தில் அடக்கம்.

பனிவிழும்தெரு_டொரோண்டோ | செப்டம்பர் 9, காலை 7.20

நல்ல கதை போகுது. நாங்கள் கனடாவிலிருந்து போன வருடம் போனோம், மனிசியும் நானும். எல்லோரும் குவானாஹுவாதோ, சான் மிகெல் என்று கதைக்கிறீர்கள். எனக்குப் பிடித்தது மொரேலியா. அங்கே வெள்ளைக்காரச் சனம் குறைவு, பெடியள் பள்ளிக்கூடம் முடிந்து கதீட்ரல் மதிலில் இருந்து ஐஸ்கிரீம் குடிக்கிறதைப் பார்க்கலாம். முழு ஊரும் ஒரே இளஞ்சிவப்புக் கல்லு, கான்டேரா என்று சொல்லுவார்கள். பின்னேர வெயில் படும்போது ரோசாப் பூப் போல இருக்கும். தண்ணி கொண்டுவந்த வளைவுப் பாலம் 253 வளைவு, ஊருக்கு நடுவாலே போகுது.

பழைய பேப்பர் அண்ணை துணியைப் பற்றி எழுதினபடியால் சொல்லுறன். மொரேலியா என்ற பெயர் 1828இல் விடுதலைப் போர்த் தலைவர் ஹோசே மரியா மொரேலோஸ் நினைவாக வைத்தது. அதுக்கு முந்தின பெயர் வயாதோலித். அந்த மொரேலோஸின் எந்தப் படத்தைப் பார்த்தாலும் தலையில் ஒரு துணி கட்டியிருப்பார். அந்தத் துணிக்கு மெக்சிகோவில் பெயர் "பாலியகாத்தே". வழிகாட்டிப் பெட்டை சொன்னாள், இது இந்தியாவில் ஒரு துறைமுகத்தின் பெயர் என்று. பழவேற்காடு! போர்த்துகீசியர் வாயில் பலியாகேட். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பழைய_பேப்பர் | செப்டம்பர் 9, காலை 9.00

அருமை. ஒரு குறிப்பு மட்டும்: மெக்சிகோவில் அந்தச் சொல்லை அங்குள்ள பழங்குடி மொழியான நஹுவாத்திலிருந்து, மூக்கு என்ற பொருள் தரும் வேரோடு விளக்குவோரும் உண்டு. ஆனால் பழவேற்காட்டில் கட்டம் போட்ட, சாயமிட்ட கைக்குட்டைத் துணி நெய்து உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தது நிஜம். ஆங்கிலத்திலும் அதற்கு "புலிகாட்" கைக்குட்டை என்றே பெயர். நான் பழவேற்காட்டுக் கட்சி.

கரிசல்மண் | செப்டம்பர் 9, காலை 9.45

உங்கள் கட்சியில் ஒரு ஓட்டு. தெனாத்தேரோ விவரத்துக்கு நன்றி.

நெறியாளர் | செப்டம்பர் 9, காலை 10.00

சொல்லாராய்ச்சிக்கு வேறு இழை தொடங்கலாம். இங்கே அம்மாவின் முட்டியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

வாதமுடக்கி | செப்டம்பர் 9, மாலை 5.30

பேசுகிறேன். நான் முட்டி வைத்தியர் இல்லை, முட்டி நோயாளி.

சான் மிகெலில் தெருவெல்லாம் உருண்டைக் கல். நடைபாதை ஒருவர் நடக்கும் அகலம், வழவழவென்று தேய்ந்தது. மழை பெய்தால் சறுக்கும். ரப்பர் அடி வைத்த ஷூ கட்டாயம், செருப்பு ஆகாது. சரிவிலிருந்து இறங்குவதுதான் வலிக்கும். ஏறும்போது டாக்ஸி வேண்டாம், இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி ஒரு விதி போட்டாள், அது நன்றாக வேலை செய்தது.

குவானாஹுவாதோ பள்ளத்தாக்கு ஊர். நடுவில் சமதளம், இரண்டு பக்கமும் படிக்கட்டுச் சந்து. பெரிய பேருந்து உள்ளே வராது, ஓரத்தில் இறக்கி வேனில் ஏற்றுவார்கள். கார் எல்லாம் சுரங்கப்பாதையில் ஓடுகிறது. ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம் அது. வெள்ளம் வந்து ஊரை அழித்ததால் ஆற்றைத் திருப்பிவிட்டு, 1960களில் அதைத் தெருவாக்கிவிட்டார்கள். மேலே பீப்பிலா சிலைக்குப் போக ஹுவாரெஸ் நாடக அரங்குக்குப் பின்னால் இழுவை ரயில் இருக்கிறது, படியேற வேண்டாம். ஹோட்டல் முன்பதிவில் "லிஃப்ட் உண்டா, எந்த மாடி" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய மாளிகை என்று படம் போட்டிருப்பார்கள், மாளிகையில் லிஃப்ட் இருக்காது.

இன்னொன்று, மூச்சு. எல்லா ஊரும் 1,800 மீட்டருக்கு மேல், தலைநகர் 2,240. முதல் நாள் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காவிரிக்கரை | செப்டம்பர் 9, இரவு 8.15

அனைவருக்கும் நன்றி. பாதுகாப்பு பற்றி யாராவது? என் மாமா வாட்ஸப்பில் தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறார்.

சக்கரக்கால் | செப்டம்பர் 9, இரவு 9.00

மாமாவிடம் "மெக்சிகோ" என்று மொத்தமாகப் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையே மாநிலவாரியாகத்தான் எச்சரிக்கை போடுகிறது. குவானாஹுவாதோ மாநிலத்தில் கும்பல் சண்டை நடப்பது பெரும்பாலும் தெற்கே, செலாயா, சலாமான்கா பக்கம், எரிபொருள் குழாய்த் திருட்டை ஒட்டி. அந்த மாநிலத்தில் நீங்கள் போகிற சான் மிகெல், குவானாஹுவாதோ இரண்டு ஊரிலும் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைகள் பலூன் வைத்து விளையாடுவார்கள். மொரேலியா இருக்கும் மிச்சோகான் பட்டியலில் கடுமையான இடத்தில் இருக்கிறது. நகரத்துக்குள் பயமில்லை, ஆனால் சாலைப் பயணம் பகலில் மட்டும். கிளம்பும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி கூட்டத்தில் பையைப் பத்திரமாக வைத்துக்கொள்வது, ஏடிஎம்மில் "எங்கள் விகிதத்தில் மாற்றவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துவது, அவ்வளவுதான்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா செல்லுபடியில் இருந்தால் மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். உங்களுக்கும் அதேதான், ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தால் சிக்கல்.

காவிரிக்கரை | செப்டம்பர் 14, இரவு 10.20

முடிவு செய்துவிட்டோம். அந்த 9 நாளை விட்டாச்சு. குவானாஹுவாதோவில் ஓர் இரவு கூட்டித் தர முடியுமா என்று கேட்டதற்கு "திட்டம் மாறாது" என்றார்கள். வேறு ஒன்று, 7 நாள்: தலைநகர் 1, கெரேத்தாரோ 1, சான் மிகெல் 2, குவானாஹுவாதோ 2. கடைசி நாள் குழு தலைநகருக்குத் திரும்பும்போது நாங்கள் மட்டும் குவானாஹுவாதோவில் இன்னும் ஓர் இரவு தங்கி, ஒற்றைமாடு சொன்ன பேருந்தில் வருவோம். டொரோண்டோ அண்ணன் மன்னிக்க வேண்டும், மொரேலியா அடுத்த தடவை.

பனிவிழும்தெரு_டொரோண்டோ | செப்டம்பர் 15, காலை 6.50

மன்னிக்கிற எண்ணம் இல்லை. சந்தோசமாகப் போய்விட்டு வாங்கோ.

காவிரிக்கரை | டிசம்பர் 2, இரவு 11.30

போய் வந்தோம். எழுதுகிறேன் என்று சொன்னதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

கெரேத்தாரோ ஓர் இரவு போதாது என்று நினைத்தேன், போதும் போலத்தான் இருந்தது. 74 வளைவு வைத்த நீர்ப்பாலம், 1867இல் மாக்சிமிலியான் பேரரசரைச் சுட்ட மணிக்குன்று, 1917 அரசியல் சட்டம் ஏற்ற நாடக அரங்கு. வழிகாட்டி ஒரு பேராசிரியர் மாதிரி. அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து அவரை ஒரு வழி பண்ணிவிட்டார். 1810 கலகக்காரர்களுக்கு ரகசியமாக எச்சரிக்கை அனுப்பிய, ஊர் நீதிபதியின் மனைவியைக் கொரெஹிதோரா என்பார்கள். "கொரெஹிதோரா எப்படிச் செய்தி அனுப்பினாள், அறையில் பூட்டி வைத்திருந்தார்களே?" என்று கேட்க, மனிதர் மகிழ்ந்துபோய்க் காலால் தரையைத் தட்டிக் காட்டினார்: கீழ் அறையில் இருந்தவனுக்குக் குதிகாலால் சைகை கொடுத்தாளாம். அதன்பிறகு அவர் குழுவுக்குப் பேசவில்லை, அம்மாவுக்குத்தான் பேசினார்.

சான் மிகெல் கண்ணுக்கு நிறைவு, மனதுக்கு ஒட்டவில்லை. அந்த இளஞ்சிவப்புத் தேவாலயத்தின் முகப்பை 1880களில் செபெரினோ குத்தியெர்ரெஸ் என்ற உள்ளூர்க் கொத்தனார், ஐரோப்பியக் கோயில்களின் படங்களைப் பார்த்துக் கட்டினார் என்கிறார்கள். நம் ஊர்க் கொத்தனார் ஒருவர் காலண்டர் படம் பார்த்துக் கோபுரம் எழுப்பினால் எப்படி இருக்கும், அந்தத் துணிச்சல் அதில் தெரிகிறது. ஆனால் சுற்றிலும் கேட்பது ஆங்கிலம். சனிக்கிழமை ஒரே நேரத்தில் மூன்று கல்யாண ஊர்வலம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு ஆள் உயரக் காகிதப் பொம்மைகள் ஆடிக்கொண்டு வந்தன. மணப்பெண், மாப்பிள்ளை போலவே செய்தவை. அம்மாவுக்கு அது மட்டும் பிடித்தது.

அத்தொத்தொனில்கோவுக்கு எங்களுக்கும் முப்பது நிமிடம்தான். அம்மா ஓவியத்தைவிட வெளியே கடையில் அதிக நேரம் நின்றார். முள் கிரீடமும் சாட்டையும் விற்கிறார்கள், நோன்பு இருந்து தங்களையே அடித்துக்கொள்ள வருகிறவர்களுக்கு. "சமயபுரத்தில் அலகு குத்துகிறவனைப் பார்த்து வெளிநாட்டுக்காரன் படம் எடுப்பான் இல்லையா, நான் எடுக்க மாட்டேன்" என்று போனை என்னிடம் தந்துவிட்டார்.

குவானாஹுவாதோ. சக்கரக்கால் சொன்னது அச்சு அசலாக. பகல் முழுக்கக் கூட்டம். முதல் இரவு கதவுக்கு வெளியே மாணவர்கள் கறுப்பு அங்கி போட்டுக் கித்தார் வாசித்துச் சந்து சந்தாகப் போகிறார்கள், ஊரே பின்னால் போகிறது. நாங்கள் போகவில்லை, முட்டி. அம்மா தினமும் ஆறு மணிக்கு ஹார்தின் தெ லா உனியோன் பூங்காவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார். முக்கோணப் பூங்கா, மேலே மரங்களைப் பந்தல் போலக் கத்தரித்துவைத்திருக்கிறார்கள். அந்த மரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "லாவுரெல் தெ லா இந்தியா". ஆல், அரச மரத்தின் சொந்தக்காரன். மூன்றாம் நாள் மாலை பக்கத்தில் வேர்க்கடலை விற்ற பாட்டியம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டார். அவர் ஸ்பானிஷில், இவர் தமிழில். இருவரும் முட்டியைக் காட்டிக்கொண்டார்கள். அந்த மூன்றாம் இரவுதான் குழு இல்லாத இரவு.

வலென்சியானா போனோம். தங்கப் பீடத்தின் முன் அம்மா இரண்டு நிமிடம் நின்றார். சுரங்க வாயிலில் பத்துப் பதினைந்து படி இறங்கினார், சுவரைப் பிடித்துக்கொண்டு. உள்ளிருந்து ஈரக்காற்று வந்தது. திரும்பி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கி, "மூட்டையோட" என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை.

சாப்பாடு: மீனா அக்கா சொன்ன மூன்று சொல்லையும் அட்டையில் எழுதி வைத்திருந்தோம். ஒரு தடவை மட்டும் சூப்பில் கோழி வந்தது. ஊறுகாய் நான்காம் நாள் தீர்ந்துவிட்டது. எங்கள் குழுவும் வெள்ளிக் கடைக்குப் போனது, நாற்பத்தைந்து நிமிடம்.

ஹோட்டலில் லிஃப்ட் உண்டு என்று எழுத்தில் தந்தார்கள். உண்டு, ஓடவில்லை.

இறந்தோர் நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கடை வாசல்களில் இன்னும் படையல் மேடைகள், செண்டுமல்லி வாடிக் கிடந்தது. அந்தப் பூவே இந்த ஊர்ப் பூ, இங்கிருந்துதான் நம் ஆயுத பூஜைக்கு வந்தது என்று வழிகாட்டியிடம் தெரிந்துகொண்டதும் அம்மா ஓர் இதழைப் பிய்த்து முகர்ந்து பார்த்தார். வாசனை ஒன்றுதான்.

மீனா_ஹூஸ்டன் | டிசம்பர் 3, காலை 7.45

மம்மி அருங்காட்சியகம்?

காவிரிக்கரை | டிசம்பர் 3, காலை 8.10

குழு போனது. கல்லறை வரி கட்ட முடியாதவர்களின் பிணத்தை 1865 முதல் தோண்டி எடுத்து, காய்ந்து கிடந்ததைக் காட்சிக்கு வைத்தார்கள் என்று கேட்டதும் அம்மா பேருந்திலிருந்து இறங்கவில்லை. "ஏழைன்னா செத்தும் வாடகை கேட்பானா" என்று ஓட்டுநரிடம் கோபித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார்.

பனிவிழும்தெரு_டொரோண்டோ | டிசம்பர் 3, மாலை 6.30

பாலியகாத்தே வாங்கினீர்களோ?

காவிரிக்கரை | டிசம்பர் 3, இரவு 9.20

வாங்கினோம். இதால்கோ சந்தையில், சிவப்பில் ஒன்று. பழவேற்காட்டுக் கதையை அம்மா கடைக்காரரிடம் சைகையிலேயே சொல்லி முடித்தார். ஹோட்டலுக்கு வந்து ஓரத்தைப் புரட்டினால் சின்ன எழுத்தில் "ஹெச்சோ என் சீனா". சீனாவில் செய்தது.

பழைய_பேப்பர் | டிசம்பர் 3, இரவு 9.25

மணிலா கப்பல் இன்னும் ஓடுகிறது போல.

நெல்லைச்சாரல் | டிசம்பர் 5, காலை 11.00

இழை முழுவதும் படித்தேன். ஜனவரியில் அப்பா அம்மாவோடு போகிறோம், இதே 7 நாள். குளிர் எப்படி?

காவிரிக்கரை | டிசம்பர் 5, மதியம் 12.40

பகலில் நல்ல வெயில். சூரியன் போனால் ஊட்டி. அறையில் ஹீட்டர் இருக்காது, கம்பளி கேட்டு வாங்குங்கள், இரண்டாகக் கேளுங்கள். அப்புறம் அந்த லிஃப்ட் ஓடுகிறதா என்று கிளம்பும் வாரம் இன்னொரு தடவை போன் செய்துவிடுங்கள்.